வீட்டு அடுப்பில் வைத்த பொங்கல்

அக்கா,

இன்று மாரியம்மன் பண்டிகை. நீங்கள் போன துக்கம் என்று போன வருடம் உங்கள் வீட்டில் பொங்கல் வைக்கவில்லை. இன்று காலை உங்கள் மருமகள் தூக்குப்போசியோடு வந்து நின்றாள். மூடியைத் திறந்ததும் வெல்லமும் ஏலக்காயும் மணத்தன. "அத்தை சொல்லிட்டுத்தான் போனாங்க. உங்களுக்கு மட்டும் வூட்டு அடுப்புல தனியா வெக்கணும்னு," என்றாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

நாங்கள் பாப்பாரப்பட்டிக்குக் குடிவந்த முதல் வருடம், நீங்கள் கொண்டுவந்த பொங்கலை வாசலிலேயே திருப்பிவிட்டேன். "சாமிக்குப் படைச்சத நாங்க சாப்பிடறதில்லீங்கக்கா." அதோடு என் முகத்திலேயே விழிக்கமாட்டீர்கள் என்று நினைத்தேன். அடுத்த வருடம் கோயிலில் பொங்கல் வைத்துவிட்டு, விரதக் களைப்போடு வீட்டுக்கு வந்து மறுபடியும் அடுப்பைப் பற்ற வைத்தீர்கள். "இந்தா கண்ணு, இது வூட்டு அடுப்புல வெச்சது. சாமிக்குக் காட்டல. தைரியமா சாப்புடு."

அதன்பிறகு நீங்கள் இருந்தவரை ஒரு வருடமும் தவறியதில்லை. என் கிறிஸ்துமஸ் கேக்கை மட்டும், "ஜெபம் பண்ணியாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் வாயில் போடுவீர்கள். பண்ணியாச்சு என்றால், "அப்ப இன்னொரு துண்டு குடு" என்பீர்கள். பக்கத்து வீட்டார் என் விசுவாசத்தை எப்படி மதிக்கிறார்கள் பாருங்கள் என்று நான் சபையில் சாட்சி சொன்னேன். அடுப்பில் வெந்தது நீங்கள், பெருமை எனக்கு.

உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று, உங்கள் மகன் வாய்க்கரிசித் தட்டோடு நின்றிருந்தான். அரிசி போடாததற்கு நான் இன்றும் வருந்தவில்லை. அது என் நம்பிக்கை, உங்களுக்கே தெரியும். ஆனால் நான் உள்ளேயே வரவில்லையே அக்கா. தெருமுனையில் எங்கள் சபையார் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் கண்ணுக்குப் பயந்து வாசல் கேட்டருகிலேயே கைகட்டி நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்தப் பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

"அரிசி போட வேண்டாம். கால்மாட்டுல உக்காந்து அழுதிருக்கலாமில்ல?" என்றார் என் வீட்டுக்காரர். நம்ம முறை வேற என்று அவர் வாயை அடைத்தேன்.

இன்று பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுப் போசியைக் கழுவினேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பீர்கள். சர்க்கரை டப்பா காலி. அரிசியில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினேன். அள்ளிய கை அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதைப் போசியில் போட முடிந்தது.

நானே கொண்டுபோனேன். கேட்டருகில் நிற்கவில்லை. மருமகள் உங்கள் படத்துக்கு எதிரே பாய் விரித்தாள். படத்தைக் கும்பிடவில்லை, அது என்னால் ஆகாது. உட்கார்ந்து அழுதேன்.

"அத்தை இருந்தா சந்தோசப்படுவாங்க," என்றாள் அவள். நீங்கள் கூடத்தில் கிடந்த கடைசி நாளில் அந்த இடத்தில் நான் உட்காரவில்லை. அந்தப் பாரத்தை என்னிடமிருந்து யாரும் வாங்கிக்கொள்ள முடியாது அக்கா, ஆண்டவரிடம் கூட அதைக் கொடுத்துத் தீர்க்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.