மவுத்துச் செய்தியின் மேல் விழுந்த பூக்கள்

மச்சி,

இன்று காலை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனில் அந்தக் கல்யாண மண்டப விளம்பரம் பாடியது. துள்ளல் பாட்டு. பாட்டோடு சேர்ந்து மேலிருந்து ரோசாப்பூக்கள் சுழன்று சுழன்று விழும். வேலிக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்து மீன் கழுவிக்கொண்டிருந்த நான், கையிலிருந்ததைச் சட்டியில் எறிந்துவிட்டுக் கத்தினேன்.

"அத நிப்பாட்டு புள்ள!"

"என்ன மூத்தம்மா, பாட்டுத்தானே?"

அவளுக்கு எப்படி விளங்கும்? அந்தப் பூக்களுக்கு அடியில்தான் உன் பெயர் கிடந்தது.

நான் எதையும் மறக்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். நல்லதையும் மறக்க மாட்டேன், கெட்டதையும் மறக்க மாட்டேன். கோமாரிக் கடற்கரையில் உன் நானா, என் மனிசன், கொட்டில் கட்டி மீன் வாடி போட்டிருந்த காலத்தில் ஒரு பகல் நீ லொறியில் வந்து இறங்கினாய். வாடிக்குள் ஒரே இரைச்சல். பிள்ளைகள் சண்டை பிடிக்கிறார்கள், ஆட்கள் மீன் விலை கதைக்கிறார்கள், லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான். நீ வாசலில் நின்று கையை உயர்த்தினாய்.

"எல்லாரும் கொஞ்சம் சத்தம் போடாம இரிங்க."

அத்தனை பேரும் அடங்கினார்கள். நீ என் இரண்டு தோளையும் பிடித்தாய். "ஒன்ட உம்மா மவுத்தாப் போயிட்டாங்க. அஸர் தொழுதுட்டு எடுக்கிறாங்க. எழும்பு, லொறி நிக்கிது." அவ்வளவுதான் சொன்னாய். அதற்கு முன்னால் சுகம் விசாரிக்கவில்லை, பின்னால் ஒப்பாரி வைக்கவில்லை. லொறியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நீ அழுதாய். என் உம்மாவின் முகத்தை நான் பார்த்தேன் என்றால் அது உன்னால்தான். ஒருவர் கதைக்கும்போது இன்னொருவர் குறுக்கே விழுந்தால் உனக்குப் பிடிக்காது. "ஒரு நேரத்தில ஒரு கதை" என்பாய். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மௌலவியையே அப்படி நிறுத்தியவள் நீ.

அப்படிப்பட்ட உன்னிலும் எனக்குக் கோபம்தான், கேட்டுக்கொள். அந்த ஆப்பை என் போனில் போட வைத்தது நீதானே?

கடல் வந்து உன் வீட்டையும் வளவையும் கொண்டு போன பிறகு நீ மகளோடு சம்மாந்துறைக்குப் போய்விட்டாய். அங்குள்ள பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மவுத்துச் சொன்னால் இங்கே சாய்ந்தமருதில் எனக்குக் கேட்குமா? அதனால்தான் உன் பேரன், உன் மகளின் மூத்தவன், ஊர் ஊராக மவுத்துச் செய்தி சொல்லும் ஆப்பு ஒன்றைச் செய்தான். நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தாய். "என்ட பேரன் செஞ்சது மச்சி. இனி நம்மட சனத்தில ஆரு மவுத்தானாலும் ஒனக்குத் தெரியாமப் போகா." அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தக் காலையில் போன் சத்தம் போட்டது. மவுத்துச் செய்திக்கென்று அவன் வைத்த சத்தம். பேத்தி வேலைக்குப் போய்விட்டாள், வீட்டில் நான் தனி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திறந்தேன். எழுத்து ஓடுகிறது மச்சி! வலப்பக்கம் இருந்து இடப்பக்கம், ரயில் பெட்டி மாதிரி. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். 'சம்மாந்துறை' என்பதைக் கூட்டி முடிக்கும்போது அடுத்த சொல் போய்விட்டது. திரும்பி வரட்டும் என்று பார்த்திருந்தேன். அதற்குள் கீழேயிருந்து கல்யாண மண்டபம் எழும்பியது, பூ விழுந்தது, பாட்டுத் தொடங்கியது. மூடுகிற புள்ளடியை, அந்தப் பெருக்கல் குறியைத் தேடினேன். எறும்புத் தலை அளவு, அதுவும் ஆடிக்கொண்டு. அமத்தினேன், ஒரு சாரிக் கடை திறந்தது. அதை மூடி வந்தால் ஒரு பெட்டி நடுவில் துள்ளிக்கொண்டு நிற்கிறது. எங்கள் ஆப்பு உங்களுக்குப் பிடித்திருக்கிறதா, நட்சத்திரம் போடுங்கள் என்று. மவுத்துச் செய்தி பார்க்க வந்தவளிடம் நட்சத்திரம் கேட்கிறான்!

மறுபடியும் திறந்தேன். மறுபடியும் பூ. எனக்குத் தலைச்சுற்று இருப்பது உனக்குத் தெரியும், ஆடுகிற எதையும் பார்க்க ஏலாது. போனைக் குப்புறப் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு படுத்தேன். சம்மாந்துறையில் யாரோ, பேத்தி வந்து வாசிப்பாள் என்று நினைத்தேன். நீயாக இருக்கும் என்று எப்படி நினைப்பேன்? வெள்ளிக்கிழமைதான் போனில் என்னோடு சிரித்துச் சிரித்துக் கதைத்தாய்.

பேத்தி வந்து போனைத் திறந்தாள். அவளுக்கும் பூ விழுந்தது. விரலால் தட்டித் தட்டி உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். "உம்மும்மா, இரிங்க. முதல்ல இரிங்க" என்றாள்.

ஓட்டோ பிடித்து வந்து சேர்ந்தபோது உன் முற்றத்தில் உன் மையித்தைக் குளிப்பாட்டிய ஈரம்கூடக் காய்ந்துவிட்டது. ஆண்கள் உன்னை அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து திரும்பி வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். உன் மகள் என்னைக் கட்டிப் பிடித்து அழுதாள். "மாமி, ஒங்கட வழியப் பார்த்துப் பார்த்து உம்மாட முகத்த மூடாம வச்சிருந்தம். ஆப்பில போட்டிருக்கு, மாமி எப்பிடியும் வருவா எண்டுதான் நான் ஒங்களுக்குக் கோல் எடுத்துச் சொல்லல்ல. லுஹர்த் தொழுகைக்குப் பிறகும் கொஞ்சம் வச்சிருந்தம்."

எனக்காக உன் முகம் திறந்து கிடந்திருக்கிறது. நான் பூ பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் கத்தம் ஓத வந்தவர்கள் சாப்பிட்டு எழும்பியதும் உன் பேரனைப் பிடித்தேன். அழுதழுது அவன் கண்ணும் வீங்கித்தான் இருந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

"இங்க வா. இத ஆரு செஞ்ச?"

"நான்தான் மூத்தம்மா."

"எழுத்த ஏன் ஓட விட்டாய்?"

"அசைஞ்சாத்தான் கண்ணுக்குப் படும். எல்லா ஆப்பும் இப்ப அப்பிடித்தான்."

"மையித்து அசையுமாடா?"

அவனுக்குத் தூரத்து மாமன் முறையான ஒருவர், பல் குத்திக்கொண்டு நின்றவர், நடுவில் விழுந்தார். "விடுங்க ராத்தா, வயசாளிகளுக்கு இது விளங்கா. பழகப் பழகச் சரி வரும்."

"எனக்கு எழுத்துத் தெரியும். நிண்டாப் படிப்பன். ஓடுறது அது, குறை எனக்கா? ஒங்கட மவுத்துக்கும் பூ விழட்டும், அப்ப வந்து பழகிக்கிறன்."

சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்தினாள். மாமன் நகர்ந்து போனார். உன் பேரன் மெதுவாகச் சொன்னான். "விளம்பரம் போடாட்டி இத நடத்த ஏலா மூத்தம்மா."

"போடு. கடையில போடு, விளையாட்டில போடு. மவுத்துக்கு மேல ஏன் போடுறாய்? வீட்டுக்கு வந்து மவுத்துச் சொல்றவன், சொல்ல முதல் சாரி விப்பானா?"

அப்போதுதான் பேத்தி முன்னால் வந்தாள். சத்தம் போடுகிறவள் இல்லை அவள். "நான் உம்மும்மாட போன் செட்டிங்கில 'அசைவுகளைக் குறை' எண்டு போட்டு வச்சிருக்கன். தலைச்சுற்று எண்டுதான். மத்த ஆப்பெல்லாம் அதக் கேட்டு ஆடாம நிக்கிது. ஒங்கட ஆப்பு மட்டும் கேக்கல்ல. போன் சொல்றது ஒங்கட ஆப்புக்குத் தெரியாதா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "தெரியும். அதுக்கு வேறயா எழுதோணும். பிறகு பார்ப்பம் எண்டு விட்டுட்டன்."

பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டானாம். அந்தப் 'பிறகு'தான் எனக்குக் கிடைக்காமல் போன உன் முகம் மச்சி.

நான் அழவில்லை. அவனுக்கு எதிரே அழுவேனா? போனை அவன் கையில் கொடுத்தேன். "என்ட தலை சுத்தாம ஒரு மவுத்து வாசிக்கிற மாதிரிச் செஞ்சு தா. அதுக்குப் பிறகு என்னோட கதை" என்றேன்.

செய்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். இப்போது எழுத்து நிற்கிறது, கறுப்பாக, பெரிதாக. யார், யாருடைய மகள், எந்த ஊர், எப்போது எடுக்கிறார்கள். நாமாக மூடும்வரை குறுக்கே ஒன்றும் வராது. மூடுகிற இடம் விரல் அளவு, ஆடாமல் இருக்கிறது. விளம்பரம் எல்லாம் மூடிய பிறகுதான், அதுவும் துள்ளாமல் ஒரு மூலையில். பேத்தி சொல்கிறாள், ஊரில் கண் மங்கிய கிழவர்கள் எல்லாம் அவனுக்குத் துஆ செய்கிறார்களாம். செய்யட்டும்.

அதற்குப் பிறகு வந்த முதல் செய்தி, மருதமுனையில் ஒரு பெண். எனக்குத் தெரியாதவள். எழுத்துக் கூட்டிக் கடைசி வரைக்கும் படித்தேன். பிறகு உடுத்திக்கொண்டு ஓட்டோவைக் கூப்பிட்டேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது. அந்த வீட்டில் பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். மையித்தின் மகள் என் கையைப் பிடித்தாள்.

"நீங்க உம்மாக்கு என்ன முறை?"

"முறை ஒண்டுமில்ல மகள். நேரத்தோட தெரிய வந்திச்சு. வந்தன்."

அவள் துணியை விலக்கிக் காட்டினாள். ஆற அமரப் பார்த்தேன். ஒருவரும் என்னை அவசரப்படுத்தவில்லை. அழுதேன் மச்சி, அங்கேதான் அழுதேன். அவளுடைய சொந்தப் பிள்ளைகளே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன். அறியாத ஒருத்தியின் முகம் எனக்குக் கிடைத்தது.

உன் மகள் கேட்கிறாள், "இன்னும் கோபமா மாமி, அவன் சின்னப் புள்ளதானே, எல்லாத்தையும் திருத்திட்டான்தானே?" என்று. ஆப்பைத் திருத்தினான், ஓம். உன் முகத்தைத் திருப்பித் தர அவனால் ஏலுமா? பெருநாளைக்கு வந்தான், வாசலில் நின்று சலாம் சொன்னான். சலாத்துக்குப் பதில் சொல்வது கடமை, சொன்னேன். அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனான். அதற்கு மேல் அவனுக்கு என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.