ஆறாம் கிளை

நாள் 212, காலை 7:10
நிலா, தென்முனை மருத்துவமனை. பதிவு செய்பவர் சம்பூர்ணம், மின்பராமரிப்பு. அதற்கு முன் முப்பது ஆண்டு பாலிடெக்னிக் ஆசிரியை. நிலையத்தை மூடி எல்லோரும் பூமிக்குப் போய்விட்டார்கள். சுரங்கத் தொழிலாளி மரியபுஷ்பம் மட்டும் செயற்கைச் சுவாசத்தில் இருக்கிறார். அவரோடு நான். மருத்துவக் கப்பல் வர ஒன்பது நாள்.
மின்கசிவு: இயல்பு.

நாள் 213, மாலை 4:30
ஆறாம் மின்கிளையில் கசிவு. அதில் ரேடியோவும் சமையலறையும் மட்டுமே. அதன் பிரேக்கர், கசிவு கண்டால் தானே அணையும் சுவிட்ச், விழுந்தது; வார்டுக்கு ஒன்றுமில்லை. அதுதான் விதி. ஒரு வீட்டில் குழாய் ஒழுகினால் அந்த வீட்டு வால்வை மூடுவோம்; தெரு வால்வை மூடினால் எல்லோருக்கும் தாகம். ஆகவே கிளை முதலில் விழும், நிலையம் முழுவதற்குமான மெயின் சற்றுப் பொறுக்கும்.

நாள் 214, காலை 11:05
கப்பலோடு ரேடியோ பேச்சு மூன்று முறை அறுந்தது. கப்பல் பொறியாளர் ஞானசிகாமணி: “என்ன டீச்சர், பாடம் பிடிக்காம கிளாஸே எந்திரிச்சுப் போயிருச்சா? மூணு நாள் உங்க சத்தம் வரலேன்னா எங்களைத் திரும்பச் சொல்லி ஆர்டர். எதையாவது பேசிட்டே இருங்க!”
கசிவு நொடிப்பொழுதே வருகிறது. அதைப் பொறுத்துக்கொண்டு சற்றுத் தாமதமாக விழும்படி ஆறாம் பிரேக்கரை மாற்றி வைத்தேன். பிறகு ஒரு மணி நேரம் பேசினோம். அவர் மகளுக்குப் பல் முளைத்திருக்கிறதாம்.

நாள் 215, காலை 9:20
மெயின் விழுந்தது.
ஆறாம் கிளையை மெயினைவிட அதிகம் பொறுக்க வைத்துவிட்டேன். ஆண்டுதோறும் பரீட்சையில் நான் கேட்ட கேள்வி இது.
ஆறாம் கிளையின் கம்பியை வெட்டி மெயினைப் போட்டபோது சுவாசக் கருவியின் பேட்டரியில் ஒரு நிமிடமே மிச்சம். இனி அதில் சார்ஜ் ஏறாது. கோளாறு ரேடியோவுக்குள்ளேயே. மற்ற கிளைகள் எல்லாம் வார்டுடையவை; ரேடியோவை அங்கே செருகினால் சுவாசக் கருவியும் நின்றுவிடும்.

நாள் 217, மாலை 6:00
கையடக்க ரிசீவரில் கேட்க மட்டும் முடியும். “டீச்சர், கோவமா? ஒரு தும்மலாவது போடுங்க டீச்சர்.”
ரேடியோ பிளக்கைக் கையில் பிடித்து வார்டில் நின்றேன். உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். கருவி மூச்சு இழுத்தது, விட்டது. பிளக்கைக் கீழே வைத்தேன்.

நாள் 218, மாலை 6:40
“திரும்பச் சொல்லிட்டாங்க டீச்சர். சண்டை போட்டுப் பாத்துட்டேன். மன்னிச்சுருங்க.”
நிலையத்தைக் கழற்ற வரும் சரக்குக் கப்பலுக்கு நான்கு மாதம். என் உணவு சில வாரத்துக்கே; மரியபுஷ்பத்துக்குத் தானாக இறங்கும் குழாய் உணவு அதுவரை ஒருவருக்குப் போதும்.

நாள் 271
இதைப் படிப்பவருக்கு. உள்ளே வந்ததும் ரேடியோவைச் செருகாதீர்கள். கை முதலில் அதற்குத்தான் போகும். வார்டுக்குப் போங்கள். மரியபுஷ்பம் மூச்சுவிடுகிறார். அவரிடம் ஏதாவது பேசுங்கள். நான் பேச்சை நிறுத்தி எத்தனை