இல்லாத எதிரோட்டம்

ஜூன் 3
கப்பல் ஆடுகிறது, பேனாவும் ஆடுகிறது. காலையில் முதல் நிலையத்தில் கருவியை இறக்கினோம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதே வேலை. கரையிலிருந்து கரைவரை ஒரே கோட்டில் இருபத்திரண்டு இடங்களில் கப்பலை நிறுத்தி, உப்பும் வெப்பமும் அளக்கும் கருவியை அடிமட்டம்வரை இறக்குவோம். மேலே ஏற்றும்போது, கருவி காட்டுவது சரியா என்று ஒப்பிட, பாட்டில்களில் தண்ணீர் பிடிப்போம். இந்தக் கடல் ஓட்டம் நொடிக்கு எவ்வளவு தண்ணீரைச் சுமந்து போகிறது என்று இந்த அளவுகளை வைத்துக் கணக்குப் போடலாம்.

எப்போதும் முப்பத்திரண்டு மில்லியன் கன மீட்டர். போன தடவை இருபத்தைந்து. அந்த இருபத்தைந்து என்னுடையது. "ஓட்டம் தளர்கிறது" என்று நான் எழுதிய கட்டுரையால்தான் நாலு பேருக்கு என் முகம் தெரிந்தது. இந்த முறை இன்னும் குறைந்திருக்குமோ என்று பயம். குறையாமல் இருந்தால்? அதுவும் பயம்தான். எந்தப் பயம் பெரியது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 5
வாந்தி. கருவியை இறக்கும் வின்ச்சை ஓட்டுபவர், "அளக்க வந்தீங்களா, மீனுக்குச் சாப்பாடு போட வந்தீங்களா?" என்று கேட்டார். முறைத்தேன். முறைக்கும்போதே மறுபடியும் வந்தது.

ஜூன் 8
கடைசி நிலையமும் முடிந்தது. முதல் கணக்கு: முப்பத்திரண்டு.

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். தலைமை விஞ்ஞானி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒண்ணு, கடல் ரெண்டு வருஷத்துல தேறியிருக்கணும். இல்ல, நாம போன தடவை தப்பா அளந்திருக்கணும்" என்றார். 'நாம' என்றாரே, அதுதான் சுருக்கென்றது.

ஜூன் 9
சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 10
கண்டுபிடித்துவிட்டேன். ஐயோ.

போன பயணத்தில் பதினோராவது நிலையத்தில் கருவியின் குழாயை ஜெல்லி மீன் அடைத்துக்கொண்டது. உப்பை அளக்கும் உணரியைக் கழற்றி வேறொன்றை மாட்டியது நான்தான். ஒவ்வோர் உணரிக்கும் அது காட்டும் அளவைச் சரிக்கட்டத் தனித் திருத்த எண் உண்டு. மாற்றிய பிறகும் பழையதன் எண்ணையே கடைசிவரை விட்டுவைத்திருக்கிறேன்! லிட்டருக்கு ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு உப்புதான் வித்தியாசம். கோடு முழுக்க அதே தவறு இருந்திருந்தால் கழிந்துபோயிருக்கும். பாதியில் மாறியதால் நடுவில் உப்பளவில் ஒரு பொய்ச் சரிவு. கணக்கில் அது எதிர்த்திசையில் ஓடும் தண்ணீராகத் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் "ஆழத்தில் புதிய எதிரோட்டம்" என்று எழுதினேன். பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைத்த கதை.

பாட்டில்கள் அப்போதே சொல்லின. பாட்டில் தண்ணீரை எடுத்து உப்பு அளந்தவரை எல்லோரும் பாட்டில் அண்ணன் என்போம். "உன் கருவியைப் பாரும்மா, என் தண்ணி சரியா இருக்கு" என்றார். கேட்டேனா? அதன்பின் வந்த பதினொரு நிலையங்களின் மாதிரிகளையும் கணக்கிலிருந்து அடித்துவிட்டு, பதிவேட்டில் "மாதிரி எடுத்தவரின் கவனக்குறைவு" என்று எழுதினேன். அந்த ஒரு வரியால் அவரைக் கரையில் சாமான் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அடிப்பாவி, ஒரு நல்ல மனுஷன் வயித்தெரிச்சலை இல்ல கொட்டிக்கிட்டிருக்கே!

பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. 'கடல் தேறிவிட்டது' என்று இன்னொரு கட்டுரைகூட எழுதலாம். தலைப்பு வரைக்கும் யோசித்தேன் — த்தூ.

ஜூன் 11
சொல்லிவிட்டேன். சரியான எண்ணைப் போட்டால் போன தடவையும் முப்பத்தொன்று. எதிரோட்டம் போன இடம் தெரியவில்லை. தலைமை விஞ்ஞானி பழைய பதிவேட்டை வரிவரியாகப் பார்த்தார். பிறகு, "பத்திரிகைக்குத் திருத்தம் எழுது, அது சுலபம். அந்த மனுஷன்கிட்ட நீயே நேர்ல போய்ச் சொல்லு" என்றார்.

கப்பல் போனில் அக்காவைக் கூப்பிட்டு அழுதேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப கடல் நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

"ஆமா."

"அப்புறம் எதுக்குடி ஒப்பாரி?"

அப்போதுதான் உறைத்தது. ஓட்டம் தளரவே இல்லை. அப்பாடா! இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஜூன் 17
கிடங்கு. பாட்டில் அண்ணன் வால்வுகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் மறந்துபோய், "அண்ணே, தப்பு என்மேலதான். உங்க தண்ணி சரி" என்று மட்டும் வந்தது.

அவர் நிமிரவில்லை. எண்ணி முடித்து எழுதிவைத்தார். "ரெண்டு வருஷமாச்சும்மா. நிஜமாவே பாட்டிலை அலசலையான்னு என் பொண்டாட்டியே கேட்டா" என்றார். பிறகு அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உட்காரு, டீ குடி" என்றார். மன்னித்துவிட்டாரா என்று கேட்கத் துணிச்சல் இல்லை. டீயைக் குடித்தேன்.

செப்டம்பர் 2
திருத்தம் வெளியானது, பாட்டில் அண்ணன் பெயரும் சேர்த்து. கூட வேலை செய்பவர்கள் துக்கம் விசாரிக்கிறார்கள். எனக்கோ தலையிலிருந்து மூட்டையை இறக்கிவைத்தது போல் இருக்கிறது.

நவம்பர் 14
பாதிக் கோட்டுக்கு மட்டும் ஒரு சின்னப் பயணம். பாட்டில் அண்ணன் மறுபடியும் கப்பலில். ஐந்தாம் நிலையத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் கருவியோடு ஒத்துப்போகவில்லை. நான் யோசிக்காமல் பதிவேட்டில் "உணரியைச் சரிபார்க்கவும்" என்று எழுதப் போனேன். அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையைத் தடுத்தார்.

"இல்லம்மா, மூடியை நான் சரியா மூடல. என் தப்புதான். அப்படியே எழுது."

"விடுங்கண்ணே."

"ஏன், நீ மட்டும்தான் ஒத்துக்குவியா? எழுதும்மா!"

எழுதினேன். பக்கத்தில் அவர் கையெழுத்துப் போட்டார்.