செட்: நாற்பத்தோராவது அட்டை

ஜூன் 4, புதன்
அகராதி அலுவலகத்தில் எனக்கு இந்த மாதம் ஒரே ஒரு சொல். செட். ஆங்கிலச் சொல்தான், ஆனால் தமிழர் வாயில் அது படும் பாட்டையெல்லாம் சேகரிக்க வேண்டும். ஒரு பயன்பாட்டுக்கு ஓர் அட்டை. யாராவது நிஜமாகப் பேசிய வாக்கியமாக இருக்க வேண்டும், கேட்ட கையோடு எழுதிவிட வேண்டும். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி. நாளைக்குன்னு விட்டா அது உங்க வாக்கியம் ஆயிடும்" என்பார் ஆசிரியர்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர் ஆயிற்றே, "அப்போ முதல் அட்டை என்னோடதுதான்" என்று சிரித்தார்.

ஜூன் 11
பம்ப்செட். கம்மல் செட். "அவன் எங்க செட்டு." "சிமெண்ட் இன்னும் செட் ஆகல" — கொத்தனார். பஸ்ஸில் ஒருத்தி, "அவ ஆளை செட் பண்ணிட்டாடி!" எழுதி முடிப்பதற்குள் நான் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. இருபத்தெட்டு அட்டை.

ஜூன் 19
இரண்டு நாளாக இவர் முகம் சரியில்லை. கேட்டிருக்கலாம். அட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு
எப்படி எழுதுவது இதை?

காலையில் இவர் சாப்பாட்டு மேசையில் எதிரே வந்து உட்கார்ந்தார். "நமக்கு செட் ஆகலையோன்னு தோணுது. பன்னெண்டு வருஷம் ஆச்சு. ஆனாலும் நான்—"

என் கை நாற்பத்தோராவது அட்டைக்குப் போய்விட்டது. இந்தப் பயன்பாட்டை இளசுகள் சொல்லித்தான் கேட்டிருந்தேன், நாற்பது தாண்டியவர் யாரும் சொல்லிக் கிடைக்கவில்லை. அதையா நினைத்தேன்? எதையுமே நினைக்கவில்லை. பாதி எழுதிய பிறகுதான் நிமிர்ந்தேன்.

என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதி முடி" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பாவி, நான்லாம் ஒரு மனுஷியா! மனசு விட்டுப் பேச வந்தவர் முன்னாடி பென்சிலைத் தூக்கிட்டு...

'ஆனாலும் நான்—' அதற்கப்புறம் என்ன சொல்ல வந்தார்?

ஜூன் 23
வரவில்லை. தன் அக்கா வீட்டில் இருக்கிறாராம்.

ஜூன் 30
அவருடைய அக்காவுக்குப் போன் செய்தேன். "அண்ணி, ஒரு தடவை அவர்கிட்ட குடுங்களேன்" என்றேன்.

"கூப்பிட்டேம்மா, வரமாட்டேங்கறான். 'அவளுக்கு நான் ஒரு அட்டை'ங்கறான். என்னடி பண்ணே அவனை?"

ஜூலை 8
ஆசிரியர் எல்லா அட்டைகளையும் பார்த்தார். நாற்பத்தோராவதை மட்டும் தனியே எடுத்தார். "உயிரோட இருக்கும்மா இது. ஆனா வாக்கியம் முடியலையே?"

"முடியல சார்" என்றேன். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூலை 20, ஞாயிறு
அவர் துணிமணி எடுக்க வந்தார். மேசையில் ஒன்றுமே வைக்காமல் துடைத்திருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார்.

"அன்னைக்கு 'ஆனாலும் நான்'னு ஆரம்பிச்சீங்களே. என்ன சொல்ல வந்தீங்க?"

யோசித்தார். பொய்க்கு இல்லை, நிஜமாகவே யோசித்தார்.

"ஞாபகம் இல்லம்மா."

பெட்டி மூடவில்லை. துணி அதிகம். நான் மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன், அவர் பூட்டினார்.