உப்புத்தாள் தின்ற பெயர்கள்

மார்ச் 5, 1978, ஞாயிறு

கையெழுத்துக்கு மன்னிக்கவும். கோடு நேராகத்தான் போகிறது. எழுத்துதான் குடித்தவன்போல் நடக்கிறது. எழுபத்துநான்கு வயதில்தான் ஷெஃபீல்டு நூலக வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றேன்.

இயந்திரம் வேண்டாம், கை போதும் என்று சங்கம் கூடிச் செய்தவர்கள் காலத்துக் கத்தி, முட்கரண்டிகள், மரப்பிடி போட்டவை மட்டும் சேர்க்கிறேன். இன்று எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, அலகுகளில் இருக்கும் பட்டறைப் பெயர்களை வாசித்தேன். இத்தனை வருடம் தடவியே அடையாளம் கண்டவை. பெயர் சொன்னதும் திரும்பிப் பார்த்தமாதிரி இருந்தது!

மார்ச் 8

எதிர்வீட்டு பெரில் வந்தாள்.

"ஈனாக், வீட்ட ஒழிச்சப்ப ஒங்கிட்ட வித்தேனே, எங்கப்பா செஞ்ச கத்தி ஆறு, இருக்கில்ல? தம்பி கிளிஃபோர்டு கனடாலேருந்து ஞாயித்துக்கிழமை வர்றான். ஒரு தடவ அதுல சாப்பிடணுமாம். பிடில யார் பேரு இருக்கோ அவங்களுக்குத்தான் அந்தக் கத்தி. மாத்தி எடுத்தா அடிதடிதான்!"

பிடியில் பெயரா?

"பத்திரமா இருக்கு" என்றது வாய்.

அவள் போனதும் எடுத்துப் பார்த்தேன். ஐந்து பிடிகள் கண்ணாடிபோல் வழவழப்பு. வாங்கிய வாரமே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவன் நான். ஏதோ அடிபட்ட குழிகள் என்று நினைத்தேன். ஆறாவதைக் கைவலியில் விட்டிருக்கிறேன். அச்சு வைத்துச் சுத்தியால் அடித்த எழுத்துகள். கூட்டிப் படித்தேன். பெரில்.

ஐயோ, குழி இல்லடா அது. பேரு. அஞ்சு பேரு. படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாமே.

மார்ச் 11

சொல்லிவிடலாம் என்று அவள் வாசல்வரை போனேன். "மழை வரும்போல" என்றுவிட்டுத் திரும்பினேன். வானம் வெளுத்துக் கிடந்தது.

மார்ச் 12, ஞாயிறு

பெரில் வீட்டில், மாட்டிறைச்சி வேகும் வாசனைக்கு நடுவே, ஆறு கத்திகளையும் மேசையில் வைத்து, நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"ஏம்ப்பா, அம்பது வருஷம் கழிச்சு வந்தா எம்பேரையே காணாம அடிச்சிட்டியே!" என்று கிளிஃபோர்டு சிரித்தார். பெரில் சிரிக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் ஆறையும் அள்ளி வெந்நீர்த் தொட்டியில் போட்டாள். மரப்பிடி தண்ணீரில் ஊறக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். இன்று எந்த முகத்தோடு சொல்வேன்?

வெகுநேரம் கழித்து ஒன்றை எடுத்துத் துடைத்தாள். கட்டைவிரல் பாதியில் நின்றது.

"ஈனாக், இங்க வா."

சுத்தியடி பட்டு அமுங்கியிருந்த மரம் தண்ணீர் குடித்து உப்பியிருந்தது. நான் தட்டையாக்கிய இடத்தில் எழுத்துகள் புடைத்து நின்றன.

"படி."

விரலால் தடவிப் படித்தேன். கிளிஃபோர்டு. அப்புறம் அவர்கள் அப்பா, இரண்டு அண்ணன்கள் பெயர்கள். ஐந்தாவதில் ஒன்றும் எழவில்லை. ஆழமாகத் தேய்த்துவிட்டேன். அது அவள் அம்மாவுடையது.

தலை நிமிரவில்லை எனக்கு.

"அப்பாவோட எழுத்தச்சு பரண்ல கெடக்கு. அடுத்த ஞாயிறு நீயே வந்து அம்மா பேர அடிச்சுக் குடு" என்றாள் பெரில். "கோணலா போச்சு, ஒனக்குச் சோறு கெடையாது."

ஆகவே அடுத்த வாரம் நான் எழுதப்போவது ஒரே ஒரு பெயர். அதுவரை இங்கே பழகுகிறேன்.

மேபல். மேபல். மேபல்.