மூணாவது வளைவில் தூக்காத கை

உ

சிங்காநல்லூர்,
17-7-1996, புதன்கிழமை

அன்புள்ள அம்மணி நித்யஸ்ரீக்கு, சிங்காநல்லூர்க் குளத்துக்குக் கிழக்கே சூலூர் வரைக்கும் மேற்கே கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் மோட்டார் காயில் சுத்துவதில் எதிரியே இல்லாதவனும், ஐந்தாண்டு அசையாத சாம்பியனும், வளைவுகளுக்கெல்லாம் அதிபதியுமான உன் தாய்மாமன் செங்கோட்டையன் ஆசீர்வாதத்தோட எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்க அத்தையும், ஒர்க்‌ஷாப்பும், அதுல வாடகையில்லாம குடியிருக்கற ஏழு பூனைகளும் ஆண்டவன் புண்ணியத்துல சௌக்கியமா இருக்கறோம். நீயும் உன் படிப்பும், உன் ரூமுல கூட இருக்கற மதுரைப் பொண்ணும் அந்தச் சீமைக் குளிர்ல காய்ச்சல் தலைவலி இல்லாம இருக்கணும்னு தினமும் வேண்டிக்கறோம். இத்தனை நாளா உங்கம்மா எழுதி முடிச்ச கடுதாசியில ஒட்டற ஓரத்துல எறும்பு ஊர்ற மாதிரி ரெண்டு வரி கிறுக்கி அனுப்பினவன், இன்னிக்கு ஒரு முழு ஏர் லெட்டரை எனக்கே எனக்குன்னு வாங்கி வெச்சுட்டு உட்கார்ந்திருக்கறேன்னா காரணம் இல்லாமலா இருக்கும்னு நீ யோசிப்பே. இருக்குது கண்ணு. அதுக்கு வர்றதுக்கு முன்னாடி ஊட்டு சமாச்சாரத்தைச் சொல்லிப்போடறேன், இல்லாட்டி உங்கத்தை என்னைச் சும்மா விடமாட்டா.

அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை, தைலம் தேய்ச்சு தேய்ச்சு இப்ப எங்க தெருவுக்கே ஜலதோஷம் வர்றதில்லை. அவிநாசியில உங்கப்பா தோட்டத்துல புதுசா போர் போட்டாரு. எழுநூத்தி இருபது அடி. அதுக்கும் கீழே போயிருந்தா பாதாள லோகத்துக்காரங்க, ஏனுங்க மேல என்னங்க சத்தம், குழந்தைங்க தூங்க வேண்டாமுங்களான்னு கேட்டிருப்பாங்க. தண்ணி ஒண்ணரை இஞ்சு வருது, உங்கப்பா காவேரியே வந்த மாதிரி துண்டை உதறி உதறித் தோள்ல போட்டுட்டு நடக்கறாரு. உங்கம்மா போன வெள்ளிக்கிழமை ஒரு மூட்டை முருங்கைக்காயோட பஸ் ஏறி இங்க வந்தா. மூட்டைக்கு லக்கேஜ் போடணும்னு கண்டக்டர் சொல்லியிருக்காரு, அதுக்கு எங்கக்கா, ஏனுங்க, காய்க்கு அஞ்சு வயசு ஆகலீங்களே, அரை டிக்கெட்டு கூட ஆகாதேன்னு கேட்டாளாம், பஸ்ஸே சிரிச்சு, அந்தக் கண்டக்டரே மூட்டையை இறக்கி வெச்சுட்டுப் போனாராம். அந்த மூட்டையை விடப் பத்திரமா, மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வெச்சிருந்தது உன் கடுதாசி. அதைக் கூடத்துல உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிச்சா. உன் காலேஜுல புது நூற்பு மெஷினை வெளியூர் கம்பெனிக்காரங்க முன்னாடி ஓட்டிக் காட்டச் சொல்லி உங்க புரொபசர் உன்னைக் கூப்பிட்டாருன்னும், நீ வேற யாரையோ ஓட்டச் சொல்லிட்டேன்னும், செப்டம்பர்ல மறுபடி கூப்பிட்டிருக்காரு அதுக்கும் மாட்டேன்னுதான் சொல்லப்போறேன்னும் எழுதியிருந்தே. அதோட விட்டியா, கடைசிச் சுத்துல கை சொதப்பறவ நான், சந்தேகம்னா மாமாவைக் கேட்டுப்பாருங்கன்னு தமாசா ஒரு வரி. எல்லாரும் சிரிச்சாங்க. நான்தான் பெருசாச் சிரிச்சேன். சிரிச்சுப்போட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போயி ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உட்கார்ந்தவன், பன்னெண்டு தோசை தின்னுட்டு பதிமூணாவதுக்குச் சட்டினி பத்தலைன்னு சண்டை போடற உன் மாமன், அன்னிக்கு மத்தியானம் சோறு வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். உங்கத்தை டாக்டருக்கே ஆளனுப்பப் பாத்தா.

இதை அந்த மதுரைப் பொண்ணுகிட்டயும் படிச்சுக் காட்டு, அதுக்குப் புரியணும்னு கொஞ்சம் விளக்கியே எழுதறேன். மரக்கடை அப்துல் மஜீத் பாயோட மச்சான் சிங்கப்பூர்ல இருந்து ஒரு பெட்டி கொண்டு வந்தாரு, அதுக்குள்ள உள்ளங்கையில அடங்கற ரெண்டு கார். காருக்கு அடியில ஒரு நாக்கு இருக்கும், அது பாதையில வெட்டியிருக்கற பள்ளத்துக்குள்ள இறங்கி ஓடும், பள்ளத்தோட ரெண்டு பக்கமும் செம்புப் பட்டையில கரண்ட் வரும். கையில துப்பாக்கி மாதிரி ஒரு கண்ட்ரோலர், விசையை அமுக்கினா கார் பறக்கும், விட்டா நிக்கும். வளைவுல விடத் தெரியாதவன் கார் பாதையை விட்டுத் தெறிச்சு விழும். இவ்வளவுதான் விளையாட்டு, ஆனா இதுக்காக மஜீத் பாய் தன்னோட மரக்கடை மாடியில எட்டுப் பலகையை இணைச்சுப் பாதை போட்டாரு, ஆட்டோ எலக்ட்ரிக்கல் யூனுஸ் வயரிங் பண்ணினான், நான் மோட்டார் சுத்தினேன். என் சிவப்பு வண்டி ஓடற வேகத்துல மருதமலை மேல மணி தானா அடிச்சதுன்னு கேள்வி. எண்பத்தெட்டுல இருந்து தொண்ணூத்திரெண்டு வரைக்கும் அஞ்சு வருஷமும் அந்தந்த வருஷக் கோப்பை என் அலமாரிக்குத்தான் வந்தது. நீ காலேஜுக்காக எங்க ஊட்டுக்கு வந்து தங்கினே, ஞாயித்துக்கிழமை பொழுதுபோகலைன்னு என் பின்னால வந்தே, ஆறே மாசத்துல உங்கம்மா கதவுக்கு அடிச்சு மீந்த மஞ்சப் பெயிண்டை ஒரு வண்டிக்கு அடிச்சுட்டு எனக்கே எதிரா வந்து நின்னே. நான் உனக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கலை, சொல்லப்போனா மோட்டார்ல இருக்கற என் ரகசியத்தையெல்லாம் ஒளிச்சுத்தான் வெச்சேன்.

தொண்ணூத்திமூணு தைமாசப் போட்டி. அரையிறுதியில நீயும் நானும். நீ என்னை ஒண்ணேகால் சுத்துல ஜெயிச்சே. சபையில சிரிச்சுட்டே உன் தலையில கை வெச்சேன், என் மருமக, என் ரத்தம்னு பெருமையா சத்தம் போட்டேன், உள்ளுக்குள்ள மட்டும் கொதிச்சுட்டிருந்தது. நம்ம கிளப்புல ஒரு வழக்கம், தோத்தவன் அடுத்த பந்தயத்துல வளைவுல நிக்கணும், தெறிக்கற வண்டியை எடுத்து வெக்கணும். எனக்கு மூணாவது வளைவு விழுந்தது. யூனுஸ் சும்மா இருக்காம, ஏனுங்க செங்கோட்டையண்ணா, இனிமே காரு ஓட்டறதில்லீங்களா, காரு பொறுக்கற உத்தியோகந்தானுங்களான்னு கேட்டான். அத்தனை பேரும் சிரிச்சாங்க, நீயும் வாயைப் பொத்திட்டுச் சிரிச்சே. சிரிச்சது தப்பில்லை கண்ணு, உனக்கு அப்ப இருபது வயசு. எனக்கு நாப்பத்தியாறு.

அந்த மூணாவது வளைவு உனக்கு ஞாபகம் இருக்கும், கூரையைத் தாங்கற இரும்புத்தூணுக்குப் பின்னால இருக்குது. ஓட்டறவங்க மேடையில இருந்து பாத்தா ரெண்டு முழம் பாதை தெரியாது, வண்டி அங்க போனா சத்தத்தை வெச்சுத்தான் ஓட்டணும். அங்க நடக்கறது வளைவுல நிக்கறவனுக்கு மட்டும்தான் தெரியும். அதனாலதான் ஒரு வண்டி இன்னொரு வண்டியை இடிச்சுத் தள்ளிப்போட்டா வளைவுக்காரன் கையைத் தூக்கணும்னு வெச்சிருந்தோம். கை தூக்கினா யூனுஸ் கரண்டை நிறுத்துவான், ரெண்டு வண்டியையும் பழைய இடத்துல வெச்சு மறுபடி ஆரம்பிப்பாங்க. இறுதிப் போட்டி அம்பது சுத்து, நீயும் மஜீத் பாயும். நாப்பத்தியேழு முடிஞ்சப்ப உன் மஞ்ச வண்டி மூக்கு நீளம் முன்னால இருந்தது. தூணுக்குப் பின்னால வந்ததும் உள்வரிசையில வந்த மஜீத் பாய் வண்டி பின்பக்கத்தை வீசி உன் வண்டியை இடிச்சுது. உன்னோடது பறந்து வந்து என் வயித்துல விழுந்தது. நீ வளைவுக்குச் சரியாத்தான் விட்டே. உன் மோட்டார் சத்தம் இறங்கினதை என் காதால கேட்டேன். என் கை தோள் வரைக்கும் போச்சு அம்மணி. அதுக்கு மேல போகலை. தூக்கினா நீ ஜெயிப்பே, ஜெயிச்சா அந்தக் கோப்பை அலமாரியில என் அஞ்சுக்கும் பக்கத்துல வந்து நிக்கும். குனிஞ்சு வண்டியை எடுத்து, அடியில கரண்டை எடுக்கற செம்புக்கம்பி ஜடையை நீவி, மூஞ்சிக்கு நேரா பிடிச்சு எல்லாருக்கும் தெரியற மாதிரி ஃபூன்னு தூசியை ஊதி, பூஜைக்கு வெக்கற மாதிரி வெச்சேன். ஒரு விநாடியில வெக்க வேண்டியது. அஞ்சு விநாடி. நீ முக்கால் சுத்துல தோத்தே.

மஜீத் பாய்க்கும் தெரியாது, இடிச்ச சத்தம் ரெண்டு மோட்டார் சத்தத்துல அமுங்கிப்போச்சு. நீ மேடையில இருந்து இறங்கி நேரா எங்கிட்ட வந்தே. விடறதுக்கு லேட் பண்ணிப்போட்டேனுங்க மாமா, அவசரத்துலயும் நீங்க தூசி ஊதி வெச்சீங்களே, ரொம்ப நன்றிங்கன்னு சொன்னே. நன்றிங்கன்னு சொன்னே பாரு, அதுதான். நீ அன்னிக்கு என்னை நாலு திட்டு திட்டியிருந்தா இந்நேரம் நான் தூங்கி எந்திரிச்சு எல்லாத்தையும் மறந்திருப்பேன். அடுத்த வாரம் கண்ட்ரோலரைக் கைக்குட்டையில சுத்தி என் மேஜை டிராயர்ல வெச்சுட்டு, எனக்குக் கைக்கு நிதானம் பத்தலைங்க மாமான்னு சொன்னே. அப்பவாவது சொல்லியிருக்கலாம். சொல்லலை. ஆகஸ்டுல உன்னை பிளேன் ஏத்தி விட மெட்ராஸ் வரைக்கும் வந்தனே, ரயில்ல ஒரு ஜாமம் முழுக்க உன் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன், ஊர்ல இருக்கற அத்தனை பொய்யும் புளுகும் பேசினேன், இது ஒண்ணு மட்டும் வாயில வரலை. ஆயிரம் பொய் சொல்றவனுக்கு ஒரு உண்மை இந்தக் கனம் கனக்கும்னு நான் நினைக்கவே இல்லை. அதுக்கப்புறம் நான் ஒரு கோப்பையும் வாங்கலை, தூணுக்குப் பின்னால வண்டி போனாலே என் விரல் தானா விசையை விட்டுப்போடுது.

அது ஒரு விளையாட்டு, நீயும் மறந்திருப்பேன்னு நினைச்சு என்னை நானே சமாதானம் பண்ணிட்டிருந்தேன். போன வெள்ளிக்கிழமைதான் தெரிஞ்சுது, நீ அதைக் கடல் தாண்டித் தூக்கிட்டுப் போயிருக்கறேன்னு. அதனால ஞாயித்துக்கிழமை கிளப்புல எல்லாரும் இருக்கறப்ப எந்திரிச்சு நின்னு சொல்லிப்போட்டேன். வழக்கம்போல ஏதோ கதை விடறேன்னு நினைச்சு முதல்ல சிரிச்சாங்க. யூனுஸ்தான் முதல்ல நிறுத்தினான். மஜீத் பாய் கீழே கடைக்குப் போயி அந்த வருஷக் கோப்பையை எடுத்துட்டு வந்து, லுங்கி முனையில துடைச்சு, பாதைக்குப் பக்கத்துல இருக்கற பலகை மேல வெச்சாரு. தம்பி, மூணரை வருஷமா வெள்ளிக்கு வெள்ளி தொழுகைக்குப் போறதுக்கு முன்னாடி இதைத் துடைச்சு வெச்சுட்டுப் போவேனுங்க, பாப்பாகிட்ட சொல்லலைன்னாலும் எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமுங்களேன்னாரு. சத்தம் போட்டிருந்தா பதிலுக்குச் சத்தம் போட எனக்குத் தெரியும். அப்புறம் யூனுஸை ஏணி எடுத்துட்டு வரச் சொல்லி, சுவத்துல இருக்கற ஜெயிச்சவங்க பட்டியல்ல தொண்ணூத்திமூணுக்கு நேரா இருந்த தன் பேரைத் தானே டர்பன்டைன் போட்டு அழிச்சாரு. இப்ப அந்த இடத்துல, நாப்பத்தியேழு சுத்து முடிஞ்சது, மூணு பாக்கின்னு எழுதியிருக்குது. பாப்பா எப்ப வருதோ அப்ப ஓட்டிக்கலாம், எனக்கு அவசரமில்லீங்க, கண்ணாடி மட்டும் மாத்தணும்னு சொன்னாரு. மூணு சுத்து ஓட்டிப்போட்டா மூணரை வருஷம் திரும்பி வந்துராதுன்னு எனக்கும் தெரியும்.

நேத்து அவிநாசிக்குப் போயி உங்கம்மாகிட்டயும் சொன்னேன். முறத்துல அரிசி புடைச்சுட்டிருந்தவ கை நிக்காமயே கேட்டா. போட்டி முடிஞ்ச அன்னிக்குச் சாயங்காலம் நம்ம புள்ள இங்க வந்து கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டே உட்கார்ந்திருந்தாடா, நான் அடிகிடி பட்டுருச்சோன்னு மஞ்சப்பத்து போடப் போனேன்னு மட்டும் சொன்னா. அப்புறம் எந்திரிச்சு எனக்கு இலை போட்டா, சோறு போட்டா, குழம்பும் ஊத்தினா. இன்னும் கொஞ்சம் போட்டுக்கடான்னு மட்டும் சொல்லலை. எங்கக்கா பந்தியில அந்த வார்த்தையைக் கேக்காம நான் கையலம்பினது பொறந்ததுல இருந்து அதுதான் முதல் தடவை.

இதுக்கு நீ பதில் எழுதறப்ப, பரவாயில்லீங்க மாமா, சின்ன விஷயந்தானுங்களேன்னு எழுதாதே கண்ணு. எழுதுவேன்னு எனக்குத் தெரியும், உன் சுபாவம் அது, அதனாலதான் முன்கூட்டியே சொல்றேன். எனக்கு அது வேண்டாம். உங்க புரொபசர்கிட்டப் போயி செப்டம்பர்ல நான்தான் ஓட்டறேன்னு சொல்லு, ஓட்டினேன்னு ஒரு வரி எழுது, அது போதும். மெஷின் முன்னாடி நிக்கறப்ப கை ஜில்லுன்னு ஆனா, தூணுக்குப் பின்னால சரியா விட்ட கை இதுன்னு நினைச்சுக்க. பாத்தவன் நான் ஒருத்தன்தான், அதனால சாட்சியும் நான் ஒருத்தன்தான். உன் கண்ட்ரோலர் டிராயர்லயே இருக்குது, கைக்குட்டையை நான் பிரிக்கலை.

அத்தை பருப்புப்பொடியும் தலைக்குத் தேய்க்க அரப்புத்தூளும் கட்டி வெச்சிருக்கா, ஊருக்கு வந்திருக்கற அந்த மதுரைப் பொண்ணோட அண்ணன் திரும்பி வர்றப்ப குடுத்தனுப்பறோம். சனிக்கிழமை தவறாம எண்ணெய் தேய்ச்சுக் குளி, அங்க வெயில் இல்லைன்னு சாக்குச் சொல்லாதே. உங்கப்பாவுக்கு ஒரு வரியாவது தனியா எழுது, போர்த் தண்ணியை விசாரி, மனுசன் குளிர்ந்து போவாரு. நல்லா இரு, தீர்க்காயுசா இரு. அன்னிக்குத் தூக்காம விட்ட கையைத்தான் இன்னிக்குத் தூக்கி ஆசீர்வாதம் பண்ண வேண்டியிருக்குது. கூச்சமாத்தான் இருக்குது அம்மணி, ஆனாலும் தூக்கியிருக்கறேன்.

இப்படிக்கு,
மூணாவது வளைவுல நின்ன
உன் மாமன்
செங்கோட்டையன்