ரயில் கவிழ்ந்ததற்குப் பூனை காரணமில்லை

அண்ணா,

சாப்பாடு மேஜைமேல் மூடியிருக்கிறது. வாசல் சாவி உன் சட்டைப்பையில்தான் இருக்கும். வீட்டைத் தலைகீழாக்காதே.

தோட்டத்தில் உன் பொம்மை ரயில் நேற்று ஏன் கவிழ்ந்தது என்று உனக்கு இன்னும் புரியவில்லை. பூனையைத் திட்டிக்கொண்டிருந்தாய். தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை “அசிங்கமா இருக்கு” என்று ஈயம் வைத்து அடைத்தது பூனையா? வெயிலில் பித்தளைத் தண்டவாளம் நீளும். நீள இடமில்லாவிட்டால் வளையும். இது பள்ளிக்கூடப் பாடம். நீ அடைத்த அன்றைக்கே சொல்ல வந்தேன். “பெரிய விஞ்ஞானி! போய் டீ போடு, போ” என்றாய். உன் நண்பர்கள் சிரித்தார்கள். நான் டீ போடப் போனேன்.

இன்று காலை நீ குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது நீ ஈயம் வைத்த இணைப்புகளை அறுத்து, நகக்கனம் இடைவெளி விட்டு, வளைந்ததை நிமிர்த்திவிட்டேன். தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய வளைவை மட்டும் தொடவில்லை. அது உன் கைவண்ணமாகவே இருக்கட்டும் என்று விட்டேன். மூன்று மணிக்கு நண்பர்கள் வரும்போது வெயில் அங்கேதான் அடிக்கும். அதற்குள் அங்கே உள்ள இணைப்புகளை நீ அறுத்துவிட்டால் ரயில் ஓடும். இல்லையென்றால் இன்ஜின் நீச்சல் பழகும்.

ரம்பம் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

யார் சரிசெய்தது என்று கேட்டால் நீதான் என்று சொல்லிக்கொள். எப்படியும் சொல்லத்தான் போகிறாய்.

தங்கை

பி.கு.: விரலை அறுத்துக்கொள்வாய் என்று தெரியும். பஞ்சும் மருந்தும் ரம்பத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பூனைக்குப் பால் வை. மன்னிப்பும் கேள்.

ஆறு மணிக்கு வருவேன். டீ போட்டு வை.